டிக்கிக்குள் ஒரு வண்டு

பல் டாக்டரின் கார் மூன்றாவது முறையாகப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, சித்தப்பா வட்டமாக அறுத்த ஒரு பலகைத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் பசை டப்பா. பலகை உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அது எதற்கென்று அவருடைய அண்ணன் மகளுக்குத் தெரியும். அவள் செய்த பெட்டியின் வாயை அடைக்க.

கார்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்யும் பட்டறை அது. டிக்கியில் வைக்கிற பெரிய பெட்டிகள். உள்ளே ஒரு சப்வூஃபர், பாட்டின் அடிக்குரலை மட்டும் பாடுவது. சித்தப்பா பதினெட்டு வருடமாக எல்லாப் பக்கமும் அடைத்த பெட்டிதான் செய்துவந்தார். இயற்பியல் படித்துவிட்டு அவள் வந்து சேர்ந்தாள். பெட்டியில் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே குழாய் வைத்துக் காற்றை வெளியே விட்டால் குரல் இன்னும் ஆழத்துக்கு இறங்கும் என்று மூன்று தாளில் படம் வரைந்து கணக்குப் போட்டாள். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தாள்களை அவருடைய மேசையில் வைத்துவிட்டு, மர அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"சரி, ஒண்ணு செஞ்சு பாரு. பாடுச்சுன்னா இனிமே உன் இஷ்டம். பாடலேன்னா பழையபடி பெட்டிக்குத் துணி ஒட்டற வேலைதான், விஞ்ஞானி" என்றார் சித்தப்பா.

அந்த ஒன்றுதான் டாக்டரம்மாவின் பெட்டி.

டாக்டரம்மா காரைவிட்டு இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார். "அண்ணே, இன்னைக்குக் காலையிலயும் அந்தச் சத்தம் வந்துச்சு. எனக்கு மூணரைக்கு ஒரு கடைவாய்ப் பல்லு காத்திட்டிருக்கு. அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

"வண்டு கிண்டு புகுந்திருக்கும் டாக்டரம்மா."

"வண்டுன்னா கூடப் பரவாயில்லையே. இது அச்சு அசலா என் டிரில் சத்தம். நாள் முழுக்க கிர்ர்ர்னு காதுல வாங்கறேன். வீட்டுக்குப் போற இருபது நிமிஷந்தான் இந்தப் பெட்டி பாடற அந்த 'ம்ம்ம்' என்னைக் கழுவி விடுது. அதுலயும் டிரில்லு வந்து உக்காந்துக்கிட்டா நான் எங்கதான் போறது?"

அவள் டிக்கியைத் திறந்தாள். பெட்டி, தான் பாட்டுக்கு நிமிர்ந்து நின்றது. அதைச் சுற்றி இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்தாள். குடை, ஒற்றைச் செருப்பு, தண்ணீர் பாட்டில், கடைசியில் நோயாளிகளுக்குக் காட்டுகிற பெரிய பிளாஸ்டிக் பல்வரிசை ஒன்று. கையில் எடுத்ததும் அது வாயைத் திறந்து மூடியது.

"ஆள் அகப்பட்டாச்சு. இதுதான் பின்னாடி உக்காந்து பேசிட்டு வருது" என்றார் சித்தப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். அவள்கூட உதட்டுக்குள் சிரித்தாள். பிறகு போனில் இருந்து ஒரே ஒரு சுரத்தைப் போட்டு, இருபதில் இருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போனாள். விநாடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு அது. முப்பது, முப்பத்தைந்து. தரையில் இருந்த பல்வரிசை சாதுவாக வாயை மூடிக் கிடந்தது. முப்பத்தெட்டு வந்தது. டிக்கிக்குள் கிர்ர்ர்.

நம்பர் பிளேட்டை அழுத்திப் பிடித்தாள். நிற்கவில்லை. ஸ்டெப்னி சக்கரத்தைக் கழற்றினாள். நிற்கவில்லை. டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து, பெட்டியின் ஒவ்வொரு இணைப்போரமாகவும் பிடித்துக்கொண்டு போனாள். காற்று கசிந்தால் காகிதம் படபடக்கும். காகிதம் அசையவே இல்லை.

"மேசைக்குத் தூக்கு" என்றார் சித்தப்பா.

இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கி வந்து, எப்போதும்போல ஸ்பீக்கர் மேலே பார்க்க மேசையில் படுக்கவைத்தார்கள். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். பதினெட்டு வருடமாக இந்தப் பட்டறையிலிருந்து வெளியே போன பெட்டிகள் எல்லாம் இந்த மேசையில் இப்படிப் படுத்து, இந்தக் கைக்கடியில் பாடிவிட்டுத்தான் போயிருக்கின்றன. அவள் சுரத்தை ஏற்றினாள். முப்பத்தெட்டு வந்தது, போனது. வண்டு இல்லை. போன இரண்டு தடவையும் இதே கதைதான்.

"பெட்டி சுத்தம். காருதான் எங்கேயோ கடகடக்குது. காரைப் பிரிக்க முடியுமா நம்மால? ஓட்டையை அடைச்சுட்டா காத்து அடங்கிடும், ஆட்டமும் அடங்கிடும்" என்று சித்தப்பா பலகைத் துண்டைக் கையில் எடுத்தார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அடைத்தால் சத்தம் நின்றுவிடும். அதோடு அந்த 'ம்ம்ம்' என்பதும் போய்விடும். நாளைக் காலை துணியும் பசையுமாக மூலையில் உட்காரவேண்டியதுதான்.

"ஒரு தடவை... உள்ள இருந்து கேட்டுப் பாக்கறேன்" என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் டாக்டரம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"நானும் வரேன். நின்னு நின்னு காலு கடுக்குது" என்றார்.

பெட்டியை மறுபடி டிக்கியில் நிறுத்தினார்கள். டாக்டரம்மா முன்சீட்டை நன்றாகச் சாய்த்துக்கொண்டு படுத்தார். அவள் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்தாள். சித்தப்பா கதவுகளைச் சாத்தினார். பட்டறையின் இரைச்சல் சட்டென்று வேறொரு ஊருக்குப் போய்விட்டது.

முப்பத்தெட்டில் சுரத்தை நிறுத்தி வைத்தாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை, உடம்புக்குத்தான் தெரிந்தது. சீட்டுத் துணி முதுகின் அடியில் தண்ணீர்போல ஆகியது. பின்கண்ணாடி வழியே மேலே ஒரு மின்கம்பி தெரிந்தது. அது இரண்டாகி, மூன்றாகி, பிறகு கம்பியே இல்லாமல் வெறும் நடுக்கமாக நின்றது. வெயிலில் தூசி எழும்பி, அலைந்து, ஓரிடத்தில் கூடி, மறுபடி கலைந்தது. கல்லூரியில் இதை ஒரு கரும்பலகையில் வளைகோடாகப் பார்த்திருக்கிறாள். கோட்டுக்குள் படுத்துப் பார்த்ததில்லை. தனக்கு எலும்பு இருப்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. யாரோ தன்னை மிக மெதுவாக யோசித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

அந்தத் தண்ணீரில் ஒரே ஒரு முள். கிர்ர்ர்.

முன்சீட்டிலிருந்து டாக்டரம்மாவின் குரல் ஆடி ஆடி வந்தது. "என்கிட்டயும் இப்படித்தான் வருவாங்க கண்ணு. 'டாக்டர், ராத்திரி படுத்தா உயிர் போகுது'ம்பாங்க. நாற்காலியில நேரா உக்காரவெச்சுத் தட்டிப் பாத்தா ஒண்ணும் இருக்காது. அப்புறந்தான் எனக்கு மண்டையில உறைக்கும். அந்த ஆளுக்குப் படுத்தாத்தானே வலி? நான் எதுக்கு உக்காரவெச்சுத் தட்டறேன்?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

பெட்டியை அவள் எங்கெங்கே பார்த்திருக்கிறாள்? மேசையில் படுத்திருந்தது. மூன்று தாளிலும் படுத்திருந்தது. இங்கேதான் அது நின்றுகொண்டிருக்கிறது. நின்றால் எது மாறும்? பலகை மாறாது. குழாய் மாறாது. உள்ளிருக்கும் காற்றுக்கு மேல் ஏது, கீழ் ஏது? அவள் போட்ட படத்தை மனதுக்குள் நிமிர்த்திவைத்துப் பார்த்தாள். எதுவும் தொங்கவில்லை. தொங்குகிற எதையும் அவள் வரைந்திருக்கவே இல்லை.

ஆனால் பெட்டிக்குள் தொங்குகிற ஒன்று உண்டு.

கதவைத் திறந்துகொண்டு இறங்கியதில் ஒரு செருப்பு காருக்குள்ளேயே நின்றுவிட்டது. "சித்தப்பா, பெட்டியைப் படுக்கவைங்க. டிக்கியிலயே."

"எதுக்கு?"

"படுக்கவைங்களேன்."

அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை. படுக்கவைத்தார். வண்டு நின்றது. நிமிர்த்தினார். வண்டு வந்தது. மறுபடி படுக்கவைத்தார். நின்றது. சித்தப்பா தாடையைச் சொறிந்தார்.

பெட்டியை மறுபடி நிமிர்த்தினார்கள். எட்டு ஸ்க்ரூ. அவள் கழற்றக் கழற்ற சித்தப்பா உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரை ஒரு கையகலம் மட்டும் வெளியே இழுத்தாள். உள்ளே ஒரே இருட்டு. டாக்டரம்மா தன் பைக்குள் கைவிட்டு, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்றை எடுத்தார்.

"ஆ காட்டச் சொல்லு" என்று அதைத் தானே உள்ளே விட்டார். சித்தப்பா டார்ச் பிடித்தார். "மேல... கொஞ்சம் இந்தப் பக்கம்... இதோ இருக்கு சொத்தை!"

குட்டிக் கண்ணாடிக்குள் மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். பின்பலகையிலிருந்து ஸ்பீக்கருக்கு வரும் ஒயர் ஒரு சாண் கூடுதல் நீளமாக விடப்பட்டிருந்தது. நிறுத்திய பெட்டிக்குள் அது தொய்ந்து, குழாயின் விளிம்பில் பட்டும் படாமலும் ஒட்டி நின்றது. பட்ட இடத்தில் கறுப்பாக ஒரு சின்ன தேய்மானம். குழாய்க் காற்று முழுவேகத்தில் போய்வரும்போது ஒயர் அங்கே துடித்திருக்கிறது. படுக்கவைத்தால் ஓரமாகச் சரிந்து பேசாமல் கிடந்திருக்கிறது.

டாக்டரம்மா பக்கத்திலேயே நிற்கிறார். சித்தப்பா தொண்டையைச் செருமினார். "ஒயரை அன்னைக்கு நான்தான் வெட்டிக் கொடுத்தேனோ என்னவோ. அவசரத்துல நீளமா போயிருக்கும்."

அவள் தரையைப் பார்த்தாள். தரையில் பல்வரிசை பாதி வாய் திறந்து அவளையே பார்த்தது.

"இல்ல சித்தப்பா. நான்தான் வெட்டினேன். நான்தான் அப்படியே விட்டேன். படத்துல ஒயரே போடல. கணக்குல அது வராதில்ல, அதனால உள்ள இருக்கறதே ஞாபகம் இல்ல."

சித்தப்பா டார்ச்சை அணைத்தார். பிறகு டாக்டரம்மா, "நான் ஒரு தடவை நல்ல பல்லையே பிடுங்கியிருக்கேன் கண்ணு, வெளியில சொல்லிடாத" என்றார்.

ஒயரைச் சரியான நீளத்துக்கு வெட்டினாள். மெல்லிய ஸ்பாஞ்சைச் சுற்றி, பலகையோடு பலகையாக மூன்று இடத்தில் கட்டினாள். எட்டு ஸ்க்ரூவும் உள்ளே போயின. பெட்டியை நிறுத்தினார்கள். சுரம் இருபதில் இருந்து கிளம்பியது.

முப்பத்தெட்டு வந்தது. பின்கண்ணாடியில் தெரிந்த மின்கம்பி கலங்கியது. தூசி எழுந்தது. ம்ம்ம் என்பது தரை வழியாக அவள் பாதத்துக்கு வந்தது. ஒரு காலில் இன்னும் செருப்பில்லை. அந்தக் காலுக்குத்தான் நன்றாகத் தெரிந்தது. முள் இல்லை.

சித்தப்பா கையை நீட்டிப் பெட்டிமேல் வைக்கப்போனார். வைக்காமல், கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு வெறுமனே கேட்டார். டாக்டரம்மா மறுபடி முன்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மடியில் போன் வெளிச்சம் போட்டுப் போட்டு அணைந்தது. கடைவாய்ப் பல் கூப்பிடுகிறதாக இருக்கும். அவர் எடுக்கவில்லை.

கார் போன பிறகு சித்தப்பா டீ கொண்டுவந்தார். வட்டப் பலகையை மேசையில் போட்டு அதன்மேல் டம்ளரை வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"நாளைக்கு ஒரு வேன்காரர் வரார், பெரிய பெட்டி கேட்டு" என்றார். "தாள் எடுத்துவை. எல்லாப் பெட்டியையும் நிக்கவெச்சு வரை. ஒயரையும் போடு, விஞ்ஞானி."

அவள் தாளை எடுத்தாள். முதலில் ஒயரைத்தான் வரைந்தாள். ஒன்றுமில்லாத வெள்ளையில் ஒரு கோடு தொய்ந்து தொங்கியது. அதைச் சுற்றிப் பெட்டியை அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.