பம்ப் கரண்ட்

முப்பத்தாறு பெட்டிகளுக்கான சோதனைத் தாளில் ஒரே ஒரு வரிசையை நிரப்பாமல் வைத்திருந்தேன். பம்ப் கரண்ட். மற்ற எல்லாவற்றுக்கும் எண் போட்டாகிவிட்டது. அது மட்டும் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாகக் கிடந்தது. அடியில் 'சோதித்தவர்: மரகதம்' என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் என் கையெழுத்து வேண்டும்.

"எல்லாத்துக்கும் இருநூத்தி நாப்பதுன்னு போட்டுடும்மா," என்றார் பிச்சுமணி. எங்கள் டைரக்டர். மெட்ராஸ்காரர், நியூஜெர்ஸிக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. "கஸ்டமர் அவுட்புட் பவரைத்தான் மெஷர் பண்ணுவா. பெட்டியைத் திறந்து கரண்டைப் பார்க்கப்போறதில்ல."

மீட்டர் ஒவ்வொன்றுக்கும் காட்டியது முந்நூற்றுப் பத்தையொட்டி. ஒப்பந்தத்தில் நாங்கள் எழுதிக்கொடுத்த உச்சவரம்பு இருநூற்றைம்பது மில்லியாம்ப்.

அது இரண்டாயிரமாவது வருஷம், ஏப்ரல் மாதம். கண்ணாடி இழையை நாடு முழுக்கப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இழைக்குள் எண்பது கிலோமீட்டர் ஓடிவந்த வெளிச்சம் நூறில் இரண்டு பங்காக இளைத்துப்போயிருக்கும். அதைத் தேற்றி மறுபடி ஓடவிடுவதுதான் எங்கள் பெட்டியின் வேலை. உள்ளே எர்பியம் என்ற உலோகம் கலந்த இழை பன்னிரண்டு மீட்டர் சுருட்டி வைத்திருக்கும். அதற்குத் தீனி போடுவது ஒரு சின்ன லேசர். அதுதான் பம்ப். கரண்ட் ஏற ஏற பம்ப் சூடாகும். சூடானால் சீக்கிரம் சாகும். பெட்டி இருக்கப்போவது ஏதோ ஒரு தண்டவாளத்து ஓரம், தகரக் கொட்டகையில். பத்து வருஷம் உழைக்கும் என்று எழுதிக்கொடுத்த சாமான் நாலு வருஷத்தில் படுத்தால், அதை மாற்றப் பனியில் வண்டி ஓட்டிப்போகிறவன் 'சோதித்தவர்' என்ற இடத்தைத்தான் பார்ப்பான்.

நான் திருச்செங்கோட்டுக்காரி. அப்பா போர்வெல் வண்டியில் டிரில்லர். பள்ளிக்கூட லீவுக்கு நானும் வண்டியோடு போய் ராடுகளுக்குக் கிரீஸ் தடவியிருக்கிறேன், கை தோல் உரிந்திருக்கிறது. காற்றுக்குழாய் மூட்டில் ஒழுகினால் மூட்டை இறுக்க வேண்டும். சோம்பேறி ஆபரேட்டர் இன்ஜினை முறுக்குவான். டீசல்தான் தீரும், துளை இறங்காது. எங்கள் லேபிலும் கரண்டை முறுக்கிக்கொண்டுதான் இருந்தோம். ஒழுகும் இடம் எது என்று யாரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். இழையோடு இழை சேரும் இடத்தை மின்பொறியால் உருக்கி ஒட்டுவோம். ஒட்டும் மெஷின் ஒவ்வொரு ஒட்டுக்கும் திரையில் இழப்பைக் காட்டும்: 0.02. ஒன்றுமில்லை என்று அர்த்தம். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஒட்டுக்குப் போய்விடுவார்கள். நான் கழித்துப்போட்ட ஒரு பெட்டியை எடுத்து, ஒட்டுக்கு முன்னாலும் பின்னாலும் வெட்டி வெளிச்சத்தை அளந்தேன். நூற்றுக்குப் பதினேழு பங்கு ஒட்டிலேயே போய்க்கொண்டிருந்தது. மெஷின் அளப்பதில்லை, படம் பிடித்து ஊகிக்கிறது. இரண்டு பக்கமும் சாதாரண இழை என்று வைத்துக்கொண்டு ஊகிக்கிறது. எர்பியம் இழையில் வெளிச்சம் போகும் வழி அதைவிட ஒடுக்கமானது. அகலக் குழாயையும் ஒடுங்கிய குழாயையும் முட்டவைத்து ஒட்டிவிட்டு, திரையைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறோம்.

அந்த ஒட்டும் செய்முறையை எழுதியவர் பிச்சுமணி.

பொறியை ஒன்றரை விநாடிக்குப் பதில் ஒன்பது விநாடி பிடித்தால், சூட்டில் ஒடுங்கிய வழி மெல்ல விரிந்து அடுத்ததோடு பொருந்துகிறது. கழிவு இழையில் நாற்பது தடவை செய்து பார்த்தேன். பன்னிரண்டு விநாடி போனால் கெட்டுவிடும். ஒன்பதுதான் கணக்கு.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். செய்முறை பூட்டியாகிவிட்டது, மாற்றினால் மறுபடி மூன்று மாதச் சோதனை, வியாழக்கிழமை கஸ்டமர் வருகிறார்கள் என்றார். பிறகு குரலை இறக்கினார்.

"உன் க்ரீன் கார்டு பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு. நான் சைன் பண்ணணும். ஞாபகம் இருக்கோல்லியோ?"

இருந்தது. மூன்று வாரமாக அங்கேதான் கிடந்தது அது. என் விசா அந்தக் கம்பெனியோடு கட்டியது. என் கணவர் கந்தசாமியும் மகள் கயலும் என் விசாவோடு கட்டியவர்கள். வேலை போன அன்றே மூன்று பேருக்கும் இந்த நாட்டில் இடம் இல்லை.

ஐசலினில் எங்கள் அபார்ட்மென்டில் அன்று சாயங்காலம் கந்தசாமி சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார். ஈரோட்டில் பாய்லர் இன்ஜினியராக இருந்தவர். இங்கே வேலை பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. நான் சொன்னதையெல்லாம் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"உன்ற வேலை போச்சுன்னா மூட்டையக் கட்டோணும். தெரியுமல்லோ?"

"தெரியுமுங்க."

"அப்பறம் என்ன? போடறதுன்னா போடு. ஆனா போட்டுப்போட்டு வந்து இங்க மொகத்தத் தூக்கி வெச்சுட்டு உக்காராத. என்னால பாக்க முடியாது."

"போடலீன்னா?"

"சூட்கேஸ் கட்டிலுக்கடியில இருக்குது. பூட்டுத்தான் ரிப்பேரு. சரி பண்ணி வெக்கறேன்." சப்பாத்தியைத் திருப்பிப் போட்டார்.

கயல் கார்ட்டூனிலிருந்து தலையைத் திருப்பி, "ஆர் வீ மூவிங்?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே லேபுக்குப் போனேன். கஸ்டமருக்குக் காட்ட எடுத்து வைத்திருந்த முதல் பெட்டியின் மூடியைத் திறந்து, எர்பியம் சுருளின் இரண்டு முனையையும் வெட்டினேன். கத்திரி வைத்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. முதல் ஒட்டு ஒரே தடவையில் அமைந்தது. இரண்டாவதில் இழையின் முனை சில்லு விட்டது. மறுபடி வெட்டினேன். அதுவும் சில்லு. இன்னும் ஒரு தடவைக்குத்தான் நீளம் மிச்சம் இருந்தபோது பிச்சுமணி காபியோடு உள்ளே வந்தார்.

திறந்த பெட்டியைப் பார்த்தார். காபியைக் கீழே வைத்தார்.

"என்ன காரியம் பண்ணிண்டிருக்கே?"

"ஒழுகற மூட்டை ஒட்டறேன் சார். பேசாதீங்க, கை ஆடும்."

மூன்றாவது முனை சுத்தமாக வந்தது. பொறியைப் போட்டு ஒன்பது வரை எண்ணினேன். திரையில் இழப்பு 0.15 என்று வந்தது.

"கெடுத்துட்டே," என்றார். "பழசு 0.02. இது ஏழு மடங்கு மோசம். பதினோரு மணிக்கு அவா வந்துடுவா."

"அது ஊகம் சார். விரிஞ்ச வழி அதுக்குப் படத்துல மங்கலாத் தெரியுது. அளந்து பாக்கலாம்."

மீட்டரை மாட்டி, கரண்டை மெதுவாக ஏற்றினேன். நூற்றைம்பது. இருநூறு. இருநூற்று முப்பத்தெட்டில் ஒப்பந்தத்தில் சொன்ன அவுட்புட் வந்து நின்றது. அவர் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, அணைத்துவிட்டு, தானே மறுபடி ஏற்றிப் பார்த்தார். இருநூற்று முப்பத்தெட்டு. அவர் காதோரம் சிவந்துவிட்டது. பதினாலு வருஷம் திரையை நம்பிய மனுஷன். அந்த நேரத்தில் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அந்தப் பாவம் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. "பேஷ்," என்றார். "அப்போ முப்பத்தாறுக்கும் இருநூத்தி முப்பத்தெட்டுன்னு போட்டு சைன் பண்ணிடு. இப்போ அது பொய் இல்லையே."

நான் பேனாவை எடுத்து நிரப்பினேன். முதல் கட்டத்தில் 238. அதற்குக் கீழே முப்பத்தைந்து கட்டத்திலும் நான் அளந்த எண்: 311, 308, 315, 306. கையெழுத்துப் போட்டேன். அவர் கையை நீட்டினார், கொடுக்கவில்லை.

கஸ்டமர் பக்கத்து இன்ஜினியர் ஹெலன் நரைமுடிக்காரி, பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தாளை அவள் கையிலேயே கொடுத்தேன். நின்றபடியே மேலிருந்து கீழ் படித்தாள். இதில் எதையெல்லாம் நீ அனுப்புவாய் என்று கேட்டாள். முதல் பெட்டியை மட்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். மெஷின், ஒட்டு, ஒன்பது விநாடி, எல்லாம் சொன்னேன். பிச்சுமணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முதல் பெட்டியைத் தானே அளந்தாள். மற்ற முப்பத்தைந்தையும் இப்படியே ஒட்டி, சூட்டுச் சோதனை முடித்து மூன்று வாரத்தில் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்றாள். சோதித்தவர் இதே ஆளாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவளை வாசல்வரை விட்டுவிட்டு வந்த பிச்சுமணி தன் அறைக்குப் போய் என் க்ரீன் கார்டு காகிதத்தோடு வந்தார்.

"சைன் பண்ணிடறேன்மா. நீ முப்பத்தஞ்சையும் முடிச்சுக் குடுத்துடு."

"அதுக்குக் கூலியா இதுன்னா வேண்டாம் சார். ரெண்டு வருஷமா இங்க நான் பாத்த வேலைக்குன்னாப் போடுங்க. எப்படின்னாலும் பெட்டி மூணு வாரத்துல முடியும்."

அவர் சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. என் பேனா மேசைமேல், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. இரண்டாவது பெட்டியை இழுத்து மூடியின் திருகைக் கழற்ற ஆரம்பித்தேன்.