பார்க்காததற்கு ஒரு சாட்சி

காலை ஒன்பதரைக்குக் கடையைத் திறந்ததும் கண்ணாடிக்காரர் செய்கிற முதல் வேலை, மெல்லிய துணியால் மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களைத் துடைத்து வைப்பது. முப்பது வருடமாக அப்படித்தான். ஆறு மாதமாக அது இரண்டாவது வேலையாகிவிட்டது. முதல் வேலை, மேசைக் கணினியைப் போடுவது.

அந்தக் கணினியில் செயலியை ஏற்றிக் கொடுத்தவள் அவருடைய மகள். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துகிறவள் அவள்தான். செய்தி, சொந்தக்காரர் குழு, தெருக்காரர் குழு, வாடிக்கையாளர் கேள்வி கேட்கும் கடையின் இணையப் பக்கம் எல்லாவற்றையும் அந்தச் செயலி ஒரே திரையில் நான்கு பத்தியாகக் காட்டும். அப்பாவுக்குக் கைபேசியில் எழுத்து தெரிவதில்லை, பெரிய திரையானால் வாடிக்கையாளர் கேட்பதற்கு உடனே பதில் சொல்வார் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தாள்.

வாடிக்கையாளர் பத்தியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற மூன்றும் அவரைப் பிடித்துக்கொண்டன. மேலிருந்து புதிது புதிதாக ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். அவர் கண் வேறு பக்கம் போனால் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து 'டிங்' என்று கூப்பிடும். எங்கோ ஒரு வீட்டில் திருட்டு, எங்கோ ஒரு பாலில் விஷம், எங்கோ ஒரு பிள்ளையைக் காணோம். எங்கோ என்பது நாளாக ஆக அவருக்குப் பக்கத்துத் தெருவாகிவிட்டது. கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். பேத்தியைப் பள்ளிக்கூட வண்டியில் அனுப்ப வேண்டாம் என்றார். வயசானா இப்படித்தான் என்று மனைவி சிரித்தாள்.

அன்றைக்குத் தெருக்காரர் பத்தியில் ஒரு படம் விழுந்தது. தபால்தலை அளவுதான் இருக்கும். ஒரு ஆள் சின்னப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான். அவள் பின்னால் சாய்ந்து அழுகிறாள். அவளுடைய ஒரு கண்மேல் வெள்ளையாக ஒரு கட்டு. கீழே எழுதியிருந்தது: 'கண்ணைக் கட்டிப் பிள்ளை கடத்துகிறான். நம் பகுதியில்தான் சுற்றுகிறான். பார்த்தால் விடாதீர்கள்.'

கண்ணாடிக்காரருக்குப் பேத்தியின் முகம் கண்முன்னே வந்து நின்றது. 'எச்சரிக்கை. இது உண்மை' என்று மேலே மூன்று வார்த்தை சேர்த்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பப் போனார். எந்தெந்தக் கணக்கிலிருந்து அனுப்புவது என்று செயலி கேட்டது. எல்லாக் கட்டத்திலும் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. அவர் படித்துப் பார்க்கவில்லை. அழுத்தினார்.

அவருடைய அப்பா கடைக்கு வைத்த பெயரோடு, கடையின் பலகைப் படத்தோடு, அது ஊர் முழுக்கப் போனது.

பதினோரு மணிக்குள் ஐந்நூறு பேர் அதைத் தங்கள் பக்கத்திலும் எடுத்துப் போட்டிருந்தார்கள். 'கண்ணாடிக் கடையே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன சந்தேகம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கடை பெயரில் போய்விட்டதா என்று ஒரு கணம் திடுக்கிட்டாலும், அதைப் படித்ததும் அவருக்கு முதுகு நிமிர்ந்தது. அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் ஒரு பொய் சொல்லி ஒரு கண்ணாடி விற்றதில்லை. அந்தப் பேருக்கு இருந்த மரியாதை அது. அதற்குக் கீழே இன்னொருவர், 'கையைக் காலை உடைச்சு உட்கார வைக்கணும்' என்று எழுதியிருந்தார். அதையும் படித்தார். கொஞ்சம் கடுமைதான், ஆனாலும் நியாயம் என்று நினைத்துக்கொண்டார்.

'டிங்.' யாரோ அதே படத்தைத் தெளிவாகப் போட்டிருந்தார்கள். பெரிதாக்கினார்.

கண்ணாடிக்காரர்கள் யாரையும் முகத்தை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பதில்லை. அவருடைய பார்வை நேராக அந்த ஆளின் மூக்குக்கண்ணாடிக்குப் போனது. பழுப்பு ஃபிரேம். ஆனால் இடது காதில் மாட்டும் கம்பி மட்டும் கறுப்பு.

அந்தக் கறுப்புக் கம்பியைப் போட்டது அவர் கைதான். போன மாதம் தையல்காரர் ஒருவர் ஒடிந்த கண்ணாடியோடு வந்தார். அதே நிறத்தில் கம்பி இல்லை என்று இவர் சொன்னபோது, "காதுல நின்னா போதுங்க, என்னை யாரு பொண்ணு பார்க்க வரப்போறாங்க" என்று சிரித்தவர். கூடவே அவருடைய மகள் வந்திருந்தாள். அவளுக்கு ஒரு கண் பலம் குறைவு. நல்ல கண்ணைத் தினம் நான்கு மணி நேரம் மூடி வைத்தால்தான் மற்றக் கண் வேலை செய்யப் பழகும் என்று கண் டாக்டர் சீட்டு எழுதியிருந்தார். ஒட்டுகிற அந்த வெள்ளைக் கட்டை இதோ இந்த இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் இவரே. அழுதாலும் எடுக்காதீங்க என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியதும் இவரே.

தன் மகளைக் கூப்பிட்டார். அவள் பின்னறையிலிருந்து வெளியே வந்து திரையைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். அந்தக் கறுப்புக் கம்பி அவளுக்கும் அடையாளம் தெரிந்தது; ஆர்டர் நோட்டைப் புரட்டித் தையல்காரரின் எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

பதிவை அழித்தார்கள். அழித்த மறு நிமிடம், கடையின் பெயரும் 'இது உண்மை' என்ற எழுத்தும் அப்படியே தெரிய, வேறு யாரோ திரையைப் படமெடுத்துப் போட்டது மேலிருந்து விழுந்தது. அதற்குப் பின் இன்னொன்று. தன் கையெழுத்தைத் தானே துரத்திப் பிடிக்க முடியாமல் அவர் திரையைப் பார்த்தபடி நின்றார்.

அப்போது அவருடைய தம்பி தொலைபேசியில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணே, சத்தமில்லாம விட்டுடுங்க. கணினியை யாரோ தொட்டுட்டாங்கன்னு சொல்லிக்கலாம். நீங்க போய் நடுவுல நின்னா அப்பா பேரு நாறிடும்."

பேர் என்ற சொல் கண்ணாடிக்காரரைத் தைத்தது. ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், தம்பி சொன்னது சரிதானே என்று அவருக்குத் தோன்றியது. இந்தக் கதையில் அதை மறைத்து எழுதுவதில் பெருமை இல்லை.

'டிங்.' 'ஆள் சிக்கிட்டான். பள்ளிக்கூடத்துக்குப் பின் தெரு, தண்ணீர்த் தொட்டி பக்கம். எல்லாரும் வாங்க.'

மகள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டாள்.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நாற்பது பேராவது இருப்பார்கள். நடுவில் தையல்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை கிழிந்திருந்தது, உதட்டில் ரத்தம், முகத்தில் கண்ணாடி இல்லை. ஒரு அம்மாள் அந்தக் குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் இருந்த கட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அப்பா அப்பா என்று அலறியது. அப்படிச் சொல்லப் பழக்கி வச்சிருக்கான் என்றார் ஒருவர். எல்லோர் கையிலும் கைபேசி உயர்ந்திருந்தது.

கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் கூட்டம் மரியாதையாக வழிவிட்டது. ஒருவர் தன் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "வாங்க ஐயா. நீங்க போட்டதை வச்சுத்தான் பிடிச்சோம்."

இந்த நாற்பது பேரும் அடுத்த நொடி தன் பக்கம் திரும்புவார்கள் என்று அவருக்குப் பயம் வந்தது. கூட வந்த மகள் குழந்தையை நோக்கிப் போய்விட்டாள். பயந்தபடியேதான் பேசினார்.

"போட்டது நான்தான். அந்தக் கட்டைக் கொடுத்ததும் நான்தான். அது வைத்தியம். இவர் அந்தப் பொண்ணைப் பெத்த அப்பா. நான் படத்தைச் சரியா பார்க்காம போட்டுட்டேன்."

சத்தம் மெல்ல அடங்கியது. ஒருவரும் அவரை அடிக்கவில்லை. "நாங்க என்ன பண்றது, உங்க பேரை நம்பினோம்" என்று முணுமுணுத்தபடி ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அடித்த கைகள் எவை என்று கடைசிவரை தெரியவில்லை. அடி விழுந்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவர் குனிந்து மண்ணில் கிடந்த கண்ணாடியை எடுத்தார். லென்ஸ் இரண்டும் நொறுங்கியிருந்தன. கறுப்புக் கம்பி மட்டும் முழுசாக இருந்தது.

கண்ணாடி இல்லாமல் தையல்காரருக்கு எதிரே இருப்பவர் யாரென்று தெரியவில்லை. குரலை வைத்துத்தான் கண்டுகொண்டார். மகளை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டு, "கண்ணாடிக்கார ஐயாவா?" என்றார். பிறகு ஏதோ தப்புச் செய்தவர் போலச் சொன்னார்: "நாலு மணி நேரம் வைக்கச் சொன்னீங்க. இன்னைக்கு ரெண்டு மணி நேரம்கூட ஆகலைங்க, பிச்சிட்டாங்க. நாளைக்கு இதை ஒட்டி இவளை எப்படிங்க வெளியே கூட்டிட்டு வருவேன்?"

கண்ணாடிக்காரர் தன் மகளிடம் சொல்லி இருவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போகச் செய்தார்.

சாயந்தரம் கடையின் பக்கத்தில், கடையின் பெயரிலேயே, நடந்ததை ஒரு வரி விடாமல் எழுதினார். காலையில் ஐந்நூறு பேர் எடுத்துப் போட்ட இடத்தில் இதை ஒன்பது பேர் எடுத்துப் போட்டார்கள். தம்பி கடைக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே, மூன்று தலைமுறை மானத்தை ஒரே நாளில் தெருவில் வைத்துவிட்டீர்களே என்று பொருமினார்.

கண்ணாடிக்காரர் தையல்காரருடைய ஃபிரேமில் புது லென்ஸைப் பொருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மானம் இப்ப நான் எழுதினதால போகலடா. காலையில ஒரு படத்தை முழுசா பார்க்காம 'இது உண்மை'ன்னு எழுதினேனே, அப்பவே போயிடுச்சு. ஒரு செய்தியை நாலு பேருக்கு அனுப்புறதுன்னா அதுக்கு நாம சாட்சி நிக்கிறோம்னு அர்த்தம். பயத்துல அனுப்பினேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. பார்க்காததுக்குச் சாட்சி சொன்னா அது பொய்ச்சாட்சி. அந்தப் பொய்ச்சாட்சியால இன்னைக்கு ஒரு உயிர் போகப் பார்த்துச்சு."

தம்பி வாசலிலிருந்தே திரும்பிப் போனார்.

மறுநாள் காலை கணினி போடப்படவில்லை. எட்டு மணிக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போகும் தெருவில் மூன்று பேர் நடந்து போனார்கள்: புதுக் கண்ணாடி போட்ட தையல்காரர், ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டோடு அவர் கையைப் பற்றி நடந்த மகள், அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தபடி கண்ணாடிக்காரர். எதிரே வந்த யாரோ ஒருவர் கைபேசியை மெல்ல உயர்த்தினார். குழந்தையின் விரல்கள் இறுகின. கண்ணாடிக்காரர் கையை விடாமல், அவளை மறைத்தாற்போல் அந்தப் பக்கம் மாறி நடந்தார்.