இருபத்து மூன்று குறைகளோடு ஒரு வீடு

பத்து மாதமாக அந்த வீடு விலை போகாமல் கிடந்தது. அதுவரை முப்பத்தேழு பேர் வந்து பார்த்திருந்தார்கள். எல்லோரும் "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்கள். ஒருவர்கூடத் திரும்பக் கூப்பிடவில்லை. என்னதான் கலந்து பேசினார்களோ.

அப்பா கட்டிய வீடு. உயிலில் அவர் எழுதிவைத்தபடி, அவர் போன பிறகு அது அண்ணனுக்கும் தங்கைக்கும் பாதிப் பாதி. வீட்டைக் காட்டும் பொறுப்பை அண்ணன் கேட்காமலேயே எடுத்துக்கொண்டான். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் கடையில் பதினெட்டு வருஷமாக விற்பனையாளன். பேச்சில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊரில் யாரும் சொல்லாததால் அவனே சொல்லிக்கொள்வான்.

அவனுடைய ஏற்பாடுகள் பலமாக இருந்தன. கூடத்துச் சுவரில் ஈரம் பூத்திருந்த இடத்துக்கு முன்னால் பெரிய மர அலமாரியை நிறுத்திவைத்தான். படுக்கையறை விரிசல்மேல் ஓர் அருவிப் படத்தை மாட்டினான். பின்னறை பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும் என்பதால் ஆட்கள் வருவதற்குக் கால்மணி முன்பே மூன்று விளக்குகளையும் போட்டுவிடுவான். குளியலறைக் கதவை அகலத் திறந்தே வைப்பான். சாத்திப் பார்த்தால்தானே அது முழுசாகச் சாத்தாது என்று தெரியும்.

தங்கைக்கு இதெல்லாம் ஒவ்வவில்லை. அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை மேசையில் நிற்பவள். தைத்து முடித்த சட்டை அவள் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. தையல் ஒரு நூலளவு விலகியிருந்தாலும் சரி, பொத்தான் ஓட்டையில் பிசிறு இருந்தாலும் சரி, அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் சொன்னது போய் இப்போது முகத்துக்கு நேரேயே கூப்பிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பாள்.

அவளுக்கு ஓர் அவசரம் இருந்தது. அப்பாவின் வீடு தொழிற்சாலைக்கும் வைத்தியருக்கும் ரொம்பத் தூரம் என்பதால் அம்மாவும் அவளும் வாடகைக்கு இருந்தார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். அம்மாவின் முட்டி மடங்க மறுத்து ஒரு வருஷமாகிறது. வைத்தியரிடம் போவதைத் தவிர வேறெதற்கும் அம்மா கீழே இறங்குவதில்லை. எதிர்வரிசையில் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடொன்று விற்பனைக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் இரக்கப்பட்டு, "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் தரலம்மா. அதுக்கு மேல என்னைக் கேக்கக்கூடாது" என்று சொல்லியிருந்தார்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் அண்ணனோடு போனாள். முப்பத்தெட்டாவதாக ஒரு கணவனும் மனைவியும் நாலு வயதுப் பெண்குழந்தையோடு வந்திருந்தார்கள். அண்ணன் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். காற்று எந்தப் பக்கமிருந்து வரும், மழை எந்தப் பக்கமிருந்து வராது என்று அவன் சொல்லச் சொல்ல அந்த மனைவியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அப்போது பார்த்துக் குழந்தையின் பந்து உருண்டு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. குழந்தை அழுதது. கணவர் நல்ல மனிதர். அண்ணன் தடுப்பதற்குள் தோளைக் கொடுத்து அலமாரியை நகர்த்திவிட்டார்.

சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குப் பச்சையும் கறுப்புமாய் ஈரம். அடியில் உதிர்ந்த காரை ஒரு முறம் இருக்கும்.

"அது வந்து, போன மழைக்கு லேசா…" என்று அண்ணன் ஆரம்பித்தான்.

யாரும் கேட்கவில்லை. படியிறங்கும்போது அந்த மனைவி கணவனிடம் சொன்னது தங்கையின் காதில் தெளிவாக விழுந்தது. "ஈரம்கூடப் பரவாயில்லங்க. ஒண்ண மறைச்சவங்க இன்னும் எத்தனைய மறைச்சிருக்காங்களோ, யாருக்குத் தெரியும்?"

அந்தப் பேச்சு அவளைச் சுருக்கென்று தைத்தது. முப்பத்தேழு பேரும் கலந்து பேசியது இதைத்தான் என்று புரிந்தது.

"அண்ணே, சாவிய ஒரு மாசம் எங்கிட்ட குடு" என்றாள்.

"நீ வந்து என்ன பண்ணப்போற? சட்டையா விக்கிறோம்?"

"நீ பத்து மாசம் பேசிப் பாத்துட்ட. நான் ஒரு மாசம் பேசாம இருந்து பாக்கறேன்."

அவன் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். அவனும் களைத்துத்தான் போயிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை டார்ச், அளவுநாடா, ஒரு வாளி, ஒரு கோலிக்குண்டு, தொழிற்சாலையில் கேட்டு வாங்கிய ஒரு சுருள் அம்புக்குறி ஸ்டிக்கர், இவற்றோடு அவள் அந்த வீட்டுக்குப் போனாள். "நானும் வர்றேன்" என்று அம்மாவும் பிடிவாதம் பிடித்து டாக்ஸியில் வந்தாள். அலமாரியையும் அருவிப் படத்தையும் தங்கை முதலில் அப்புறப்படுத்தினாள். பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போனாள். கோலிக்குண்டைத் தரையில் விட்டு அது எந்த மூலைக்கு ஓடுகிறது என்று பார்த்தாள். வாளித் தண்ணீரை மொட்டைமாடியில் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பார்த்தாள். மாடிப்படியில் முதல் படி மற்றவற்றைவிட ஒரு விரற்கடை உயரம் என்பதை அளவுநாடா காட்டிக்கொடுத்தது. குறை கண்ட இடத்திலெல்லாம் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ஓர் எண்.

"உங்கப்பா ரத்தத்தச் சிந்திக் கட்டின வீட்டுல நொட்டை சொல்லவா வந்த?" என்று அம்மா முதலில் பொருமினாள். அரைமணி நேரம் பொறுத்து, உட்கார்ந்த நாற்காலியிலிருந்தே குரல் வந்தது. "அந்தக் குளியலறைக் கதவ எழுதினியா? முப்பது வருஷமா இடுப்பால இடிச்சுத்தான் சாத்தியிருக்கேன். சமையலறைச் சன்னல் தாழ்ப்பாளையும் எழுதிக்கோ. சொன்னா உங்கப்பா கேட்டாத்தானே." அதற்குப் பிறகு அம்மாவை நிறுத்துவதுதான் கஷ்டமாகிப் போனது.

சாயங்காலத்துக்குள் இருபத்து மூன்று குறைகள் சேர்ந்தன. கொத்தனாரையும் குழாய் வேலைக்காரரையும் கூட்டி வந்து ஒவ்வொன்றையும் சரிசெய்ய என்ன ஆகும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். மொட்டைமாடிக் குழாயின் இணைப்பு விட்டுப்போனதுதான் கூடத்து ஈரத்துக்குக் காரணம் என்று தெரிந்தது.

"கையோட ஒரு பூச்சு பூசிடட்டுமாம்மா? பளிச்சுன்னு ஆயிடும்" என்றார் கொத்தனார்.

"வேண்டாங்க. புதுப்பூச்சப் பாத்தா அடியில என்னன்னு கேப்பாங்க. இப்படியே இருக்கட்டும்."

மொத்தச் செலவை வீட்டின் விலையில் கழித்தாள். பிறகு வீடு விற்கும் இணையப் பக்கத்தில் ஒரு விளம்பரம் போட்டாள்: 'இருபத்து மூன்று குறைகள் உள்ள வீடு விற்பனைக்கு. பட்டியல் கீழே. செலவு விலையில் கழிக்கப்பட்டுவிட்டது. எல்லோருக்கும் ஒரே விலை. ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து பார்க்கலாம்.' அருவியோ பூந்தொட்டியோ இல்லாமல், படங்களில் ஈரமும் விரிசலும் அம்புக்குறிகளும் மட்டும் இருந்தன.

அதுவரை ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த தரகர் அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். "தங்கச்சி, முப்பது வருஷமா இதுல பழம் தின்னு கொட்டை போட்டவன் நான். இது எப்படி இருக்கு தெரியுமா? கல்யாண போட்டோல முகப்பருவ வட்டம் போட்டுக் காட்டற மாதிரி இருக்கு."

அண்ணன் சிரிக்கவில்லை. மூன்று நாள் அவளோடு பேசவே இல்லை.

மூன்றாவது நாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவள் கைபேசியை எடுத்துப் பார்த்தபோது தவறிய அழைப்புகள் அறுபத்தொன்று. யாரோ விளம்பரத்தைக் கேலியாக நண்பர்களுக்கு அனுப்ப, அவர்கள் இன்னும் பலருக்கு அனுப்பியிருந்தார்கள். கேலி செய்யக் கூப்பிட்டவர்களும் இருந்தார்கள். "இருபத்தி மூணுதானா? எங்க வீட்டுல அம்பது இருக்கும்" என்றார் ஒருவர். ஆனால் பேசி முடிக்கும்போது முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒன்றுதான்: "எந்தப் பஸ்ல வரணும்?"

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பத்து மாதத்தில் வந்தவர்களைவிட அன்றைக்கு ஒரு காலையில் வந்தவர்கள் அதிகம். தங்கை ஆளுக்கொரு பட்டியலைக் கொடுத்துவிட்டுக் கூடத்து மூலையில், அன்றும் டாக்ஸியில் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். குழந்தைகள் அம்புக்குறி தேடி ஓடின. "பதினாலு இங்க இருக்கு" என்று ஒரு சிறுமி மாடியிலிருந்து கத்த, அவள் தாத்தா பட்டியலைப் பார்த்து, "விரிசல்தான், ஆழமில்லையாம்" என்று கீழேயிருந்து பதில் சொன்னார். வழக்கமாக வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிவிட்டு ரகசியமாய்க் கண்ஜாடை காட்டிக்கொள்வார்கள். இங்கே முன்பின் தெரியாதவர்கள் ஒருவரோடொருவர் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். கெட்டதையெல்லாம் அவளே சொல்லிவிட்டதால், நல்லதைத் தேடும் வேலையை வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். "மாடிக் குழாயில தண்ணி என்ன வேகமா வருது பாருங்க" என்றார் ஒருவர். சமையலறையில் நின்ற இரண்டு பெண்கள், "சன்னலத் திறந்தா அடுப்படிப் புகை நிமிஷத்துல போயிடும் போலிருக்கே" என்று பேசிக்கொண்டார்கள். அவள் எதையும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிவாக்கில் மொட்டைமாடியிலிருந்து ஒரு குரல். "பட்டியல் குடுத்த அம்மா, கொஞ்சம் மேல வாங்க."

பாலம் கட்டும் நிறுவனமொன்றில் மேற்பார்வையாளர் அவர். காலையிலேயே சமம் பார்க்கும் ரசமட்டமும் ஏணியுமாக வந்து, பட்டியலில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலைந்தவர். அவள் மேலே போனபோது பின்னால் பத்துப் பேர் ஏறினார்கள். மனசு கேட்காமல் அப்போதுதான் வந்து சேர்ந்த அண்ணனும் அவர்களில் ஒருவன்.

"தொட்டிக்குப் பின்னால பாருங்க. வழிஞ்சு போற குழாய் உடைஞ்சு, தண்ணி பக்கத்து வீட்டுச் சுவர்ல சொட்டுது. இது உங்க பட்டியல்ல இல்லையே."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தங்கை குனிந்து, கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது.

"ஆமா சார். நான் விட்டுட்டேன்" என்றாள். ஸ்டிக்கர் சுருளை அவரிடம் நீட்டினாள். "நீங்களே ஒட்டுங்க."

அங்கே நின்றபடியே குழாய்க்காரருக்குப் போன் போட்டுச் செலவு கேட்டு, விலையில் அதையும் கழித்து, எல்லோர் பட்டியலிலும் இருபத்து நாலாவதை எழுதிக்கொள்ளச் சொன்னாள். மேற்பார்வையாளர் குழாயின்மேல் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப நம்பிக்கை வந்துடுச்சும்மா" என்றார். "இதுக்கு மேல ஒண்ணும் இருக்காது. நான் எடுத்துக்கறேன்."

"சார், எனக்கு முன்னாடியேவா?" என்று படிக்கட்டிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. அவள் ஒரு நர்ஸ். இரவுப் பணி முடித்து நேரே வந்திருந்தாள். "வீடு வேணும்னு அரைமணி முன்னாலயே எழுதிக் குடுத்துட்டேனே. உங்கம்மா கையில இருக்கு."

எல்லோரும் கூடத்துக்கு இறங்கி வந்து பார்த்தால், அம்மா அந்தத் தாளை மடியில் பத்திரமாக வைத்திருந்தாள். நர்ஸ் பின்னறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். "ஒம்பதாவது குறை, பகலிலும் இருட்டுன்னு போட்டிருக்கீங்க. ஏழு வருஷமா சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, அப்பவும் தூக்கம் வராம கிடக்கேன். எனக்கு அது அறை இல்லங்க, வரம். போட்டிருக்கிற விலைக்கே வேணும்."

"நான் அதுக்கு மேல தர்றேன்" என்றார் மேற்பார்வையாளர். இன்னொருவர் அதற்கும் மேலே போனார். கூடத்தில் ஒரே சலசலப்பு. எந்த விற்பனையாளனும் கனவில்தான் காணக்கூடிய காட்சி அது. தங்கை அண்ணனைப் பார்த்தாள். விலையை ஏற்றிவிடுவானோ என்று அவளுக்குப் பயம்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "சார், வாஷிங் மெஷினா இருந்தா குடோன்ல இன்னொண்ணு இருக்கும். வீடு ஒண்ணுதான் இருக்கு. அந்தம்மா முதல்ல கேட்டுட்டாங்க. எல்லாருக்கும் ஒரே விலைன்னு என் தங்கச்சி எழுதியிருக்கா."

அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொள்ள ஸ்டிக்கர் சுருளைத் தேடுவதுபோல் குனிந்தாள்.

பதினேழு நாளில் பத்திரப் பதிவு முடிந்தது. மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போதே தரைத்தள வீடும் கைக்கு வந்தது. அம்மா புது வீட்டுக்குள் போனதும் முதல் வேலையாக எல்லாக் கதவுகளையும் ஒருமுறை சாத்திப் பார்த்தாள்.

குடிபோன வாரமே மேற்பார்வையாளர் போன் செய்தார். "வேற ஒரு வீடு பாத்திருக்கேன்மா. எனக்குப் பாலம் தெரியும். வீட்டுல எதை எங்க மறைப்பாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். வந்து பாத்துக் குடுங்க, கூலி தர்றேன்."

போய்ப் பார்த்தாள். அவர் சொல்லி இன்னொருவர் கூப்பிட்டார். அந்தப் பழைய தரகரே, கொஞ்சம் வெட்கத்தோடு, தன் கையிலிருந்த விலை போகாத மூன்று வீடுகளுக்கு அவளைக் கூட்டிப்போனார். சோதனை மேசையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் நிற்பேன் என்று அவள் தொழிற்சாலையில் சொன்னபோது, மேலாளர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டதோடு, தான் வாங்கவிருந்த வீட்டின் முகவரியையும் எழுதி நீட்டினார்.

இப்போது அண்ணன் கடைக்கு யாராவது ஃபிரிட்ஜ் வாங்க வந்து, "புது வீட்டுக்கு" என்று வாய்தவறிச் சொன்னால் போதும். ஃபிரிட்ஜை மறந்துவிடுவான். "வீடு வாங்கியாச்சா, வாங்கப்போறீங்களா?" என்று கேட்டு, வாங்கப்போகிறோம் என்றால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்து, தன் தங்கையைப் பற்றி அரைமணி நேரம் பேசிய பிறகுதான் விடுவான்.