பொன்னாடை வேணாம், கீழ எறக்குங்க

மெல்லிசைக் குழுவில் சவுண்டு மிக்சர் இருக்கவேண்டிய இடம் மேடை இல்லை; கீழே, ஜனங்களுக்கு நடுவில். சக்கர நாற்காலிக்காரி எனக்கு இதைவிடத் தோதான வேலை உண்டா? கண்டுபிடித்துச் சொன்னவர் எங்கள் லைட்டுக்காரர் அன்பரசு அண்ணன். அவருக்குக் காது கேட்காது. மேடைத் தொழிலையே எனக்குச் சைகையில் சொல்லிக்கொடுத்தவர்.

அன்று ஆரணியில் ஆடித் திருவிழாக் கச்சேரி. "நிலா, மைக்கு ஊளை வுட்டுச்சுன்னா நாளைலேர்ந்து மிக்சர்ல வேற ஆளு" என்று சொல்லிவிட்டுத்தான் முதலாளி கமலக்கண்ணன் கீபோர்டில் உட்கார்ந்தார். நானும் கண்ணும் கருத்துமாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

என் கெட்ட நேரம், விழாக்குழுத் தலைவர் எல்லப்பன் உருவத்தில் வந்தது. "மாற்றுத்திறனாளி தங்கச்சிக்கு மேடையில மரியாதை!" என்றார். "வேலையா கீறேங்க, வேணாங்க" என்று நான் கத்தக் கத்த, நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். அம்மனைத் தூக்கும்போதுகூட இவ்வளவு அவசரப்படமாட்டார்கள். பட்டு நெய்கிற ஊரில் எனக்குப் போர்த்தியது பாலியஸ்டர் பொன்னாடை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

எல்லப்பன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு நேர் எதிரே போய் நின்றார். "இந்தத் தங்கச்சியப் பாக்கும்போது..." என்று ஆரம்பித்ததும் மைக் ஊளையிட்டது. கமலக்கண்ணன் என்னை முறைத்தார். ஊரே காதைப் பொத்திக்கொண்டது, அன்பரசு அண்ணனைத் தவிர. அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பொன்னாடையை உதறிவிட்டு, அத்தனை தலைகளுக்கும் மேலாகச் சைகை செய்தேன்: தலைவர் மைக்கு, ஓரத்துப் பட்டன், முழுசாக இறக்குங்கள். லைட்டை விட்டு மிக்சருக்குத் தாவி இறக்கினார்.

ஊளை நின்றது. தலைவரின் குரலும் நின்றது. ஜனங்கள் கைதட்டினார்கள். தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து, எல்லப்பன் இன்னும் உருக்கமாக வாயசைத்தார்.

யாரோ விஷயத்தைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை. அதைவிட மோசம், மனம் நெகிழ்ந்துவிட்டது. "காது கேக்காத தம்பியா சரி பண்ணாரு? அவரையும் தூக்கினு வாங்கப்பா, ஜல்தி!"

நாலு பேரும் ஓடினார்கள். அவரும் மேலே வந்துவிட்டால் மிக்சரில் யார்? என் வேலை போச்சு! அண்ணன் என்னவென்று கேட்டார். "உங்களுக்கும் மரியாதையாம், மேடைக்குக் கூப்புடறாங்க" என்று சைகையில் சொன்னேன்.

அவர் ஒரு கையால் மிக்சரை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பதில் சொன்னார்: "எனக்குக் காது கேக்காதுன்னு சொல்லிடு."

அதை அப்படியே சத்தமாகச் சொன்னேன். கமலக்கண்ணன் சிரித்துச் சிரித்துக் கீபோர்டு மேலேயே சாய்ந்தார். "யப்பா, மொதல்ல பொண்ண கீழ எறக்குங்க. நாளிக்கு சேத்துப்பட்டு கச்சேரிலயும் அதுதான் மிக்சர்ல" என்றார்.