ஹாஜிரா வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம்

2013 ஆகஸ்டில் ஹாஜிரா வீட்டுக்கு வந்த ஃபிரிட்ஜ், பால், மீன், கொத்தமல்லிக் கட்டு ஆகியவற்றோடு அந்த வீட்டாரின் கோபத்தையும் குளிரவைத்தது. முத்தியால்பேட்டையில் அதே மாடல் இன்னும் நான்கு வீடுகளில் இருந்தது. அவை பாலையும் மீனையும் மட்டுமே குளிரவைத்தன.

முதல் வாரத்திலேயே இது தெரிந்துவிட்டது. ஹாஜிராவின் கணவர் அன்வருதீன் பைப்பும் சிமெண்டும் விற்கிற கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். அதற்கு முந்தைய நோன்புப் பெருநாளன்று பறந்த பிரியாணித் தட்டின் தடம் கூடத்துச் சுவரில் காலண்டருக்குக் கீழே இருந்தது. ஃபிரிட்ஜ் வந்த அந்த முதல் வாரத்தில் ஒரு மதியம் மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், தொண்டை வறண்டிருக்கவே தண்ணீர் பாட்டில் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்து, சொல்ல வேண்டியதை எல்லாம் தலையை உள்ளே நீட்டியபடியே சொல்லி முடித்தார். கதவைச் சாத்தியபோது அவர் முகம் குளித்துவிட்டு வந்த முகமாக இருந்தது. உட்கார்ந்து, அதே குழம்பை இரண்டாவது முறை ஊற்றச் சொன்னார். மாதக் கடைசிக்குள் வீடே இதைப் பழகிக்கொண்டது. ஏழு வயது மகள் அரீபா முக்காலி போட்டு ஏறி, கணக்கு டீச்சரைப் பற்றிய அபிப்பிராயத்தை முட்டைத் தட்டுக்கு மேலே வைத்துச் சாத்தினாள். அதன்பின் பதினோரு ஆண்டுகள் அந்த வீட்டில் யாரும் யாரையும் ஏசவில்லை. நோன்பு மாதத்தில் யாரையும் ஏசக் கூடாது என்பதில் அன்வருதீன் மிகவும் கண்டிப்பானவர். ஃபிரிட்ஜ் யாரிலும் சேர்த்தியில்லை என்பதால் அந்த மாதத்திலும் அவர் மனசாட்சிக்குக் குறை வரவில்லை.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது எதையும் உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் பொருளிலிருந்து சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது, அவ்வளவுதான். அதற்குள் குழாய்களில் ஒரு வாயு சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே சுற்றும்போது சூட்டை வாங்கிக்கொள்ளும். அடியில் இருக்கும் கம்ப்ரஸர் அதைப் பிடித்து நெருக்கிப் பின்பக்கத்துக்குத் தள்ளும். அங்கே கறுப்புக் கம்பி வலை வழியாகச் சூடு வெளியேறும். ஓடுகிற ஃபிரிட்ஜின் பின்னால் கையை வைத்துப் பார்த்தால் யாருக்கும் இது விளங்கும். ஆக, உள்ளே போன சூடு ஒருபோதும் இல்லாமல் போவதில்லை. இடம்தான் மாறுகிறது. ஹாஜிராவுக்கும் இது தெரியும், பத்தாம் வகுப்பில் படித்ததுதான். ஆனால் பின்பக்கத்தைப் பற்றி யோசிக்கும் அவசியம் பதினோரு ஆண்டுகளாக அவளுக்கு வரவில்லை.

2024இல், நோன்பு பத்தாம் நாள், கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அரீபா அதைத் தன் செல்போனில் காட்டினாள். கம்ப்ரஸரைக் கிளப்பிவிடுவதற்கு ரிலே என்று தீப்பெட்டி அளவில் ஒரு பாகம் உண்டு. 2013 மே முதல் ஜூலை வரை செய்த பெட்டிகளில் அந்த ரிலே அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். பெட்டியின் வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். 1305, 1306, 1307 என்று தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லவும். இலவசமாகச் சரிசெய்து தரப்படும், தேவைப்பட்டால் பெட்டி திரும்பப் பெறப்படும்.

திரும்பப் பெறப்படும் என்ற இடத்தில் ஹாஜிராவின் பார்வை நின்றது. பிறகு அது காலண்டருக்குக் கீழே போனது.

“எண்ணைப் பாத்துட்டா முடிஞ்சிதும்மா, ரெண்டு நிமிஷ வேல” என்றாள் அரீபா.

“பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல சமோசாவுக்கு மாவு பெச” என்றாள் ஹாஜிரா.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள், எரிந்தால் தன் வீட்டோடு நிற்காது, ஒட்டினாற்போல் இருக்கும் கலியபெருமாள் வீடும் சேர்ந்து எரியும் என்ற எண்ணம் வந்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. காய்கறிப் பெட்டியை உருவி, உள்சுவரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். வியாழன்தோறும் சோடா உப்பு போட்டுத் துடைத்துத் துடைத்து, 13 என்ற முதல் இரண்டு இலக்கம் தவிர மற்றதெல்லாம் அழிந்திருந்தது. இன்னொரு சீட்டு பின்பக்கத்தில் இருந்தது. ஆனால் ஃபிரிட்ஜ் நின்றது ஒரு பழைய வாசலுக்குள். அந்த இரண்டு வீடுகளும் ஒரு காலத்தில் ஒரே வீடு. பாகம் பிரித்தபோது நடுவாசலைச் செங்கல்லைக் குத்தவைத்து ஒரே அடுக்காக மெல்லிய சுவர் எழுப்பிப் பூசிவிட்டார்கள். அந்த மாடத்தில் அளவெடுத்தாற்போல் பெட்டி உட்கார்ந்திருந்தது. பின்னால் ஒரு விரல் இடைவெளிதான். அரீபா அதற்குள் செல்போனை நுழைத்துப் படம் எடுத்தாள். ஒட்டடைதான் விழுந்தது. அந்தச் செல்போனும் அடுத்த இரண்டு நாள் யாருக்கும் நல்ல வார்த்தையாக ஒன்றுகூட அனுப்பவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மின்சாரத்தை நிறுத்தி, சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, தாயும் மகளும் இரண்டு பக்கமும் பிடித்து ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தார்கள். சுவர் கறுத்திருந்தது. ஹாஜிரா கையை வைத்தாள், சுட்டது. அது இயற்கைதான். செங்கல் வாங்கின சூட்டைச் சீக்கிரம் விடாது. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகு விடுகிற மொட்டை மாடியைப் போலத்தான். அப்போது சுவரின் அந்தப் பக்கம் கலியபெருமாளின் குரல் கேட்டது. அவர் கத்துவது புதிதில்லை. பல வருடங்களாகக் கத்துகிறார். கம்ப்ரஸர் இரைச்சலில் இதுவரை சத்தம்தான் கேட்டதே தவிர வார்த்தை கேட்டதில்லை.

“இதுக்குப் பேரு கஞ்சியா? கழுவின தண்ணி! இஞ்சி எங்க, வெந்தயம் எங்க? பகல் பூரா நோம்பு புடிச்சவன் குடிக்கிற கஞ்சியாடி இது?”

அவர் மனைவி சுலோசனாவின் குரல் உடைந்து வந்தது. “நம்ம வூட்ல என்னிக்குய்யா நோம்புக் கஞ்சி காச்சினோம்? காலைல நீ துன்னது இட்லிய்யா!”

ஹாஜிரா காதைச் சுவரருகே கொண்டுபோனாள். அது முந்தின நாள் நோன்பு திறந்ததும் அன்வருதீன் ஃபிரிட்ஜுக்குள் சொன்ன வார்த்தை, ஓர் எழுத்தும் குறையவில்லை.

தவளக்குப்பம் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த கலியபெருமாள், தண்ணீர்த் தொட்டியில் வால்வு திறந்து மூடும் வேலை பார்த்தவர். பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். அப்படிப்பட்டவர் 2013 ஆகஸ்டுக்குப் பிறகு மாறினார். பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் திறக்கும், தனக்கே புரியாத ஏச்சு வரும், முடிந்ததும் வெட்கப்பட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். வயசு என்றார்கள். ரத்தக் கொதிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். 2018 நவம்பரில், காலாப்பட்டில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்த உத்தரவோடும் அரைக் கிலோ மைசூர்பாகோடும் மகள் ஹேமலதா உள்ளே நுழைந்தபோது, “இனி இந்த வாசப்படிய மிதிக்காத” என்று அவர் சொல்லிவிட்டார். அவள் மைசூர்பாகைத் தரையில் வைத்துவிட்டுப் போனவள், அதன்பின் வரவில்லை. தந்தையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வாயிலிருந்து என்ன வருமோ என்ற பயம்.

அந்த நவம்பரை ஹாஜிரா நினைத்துப் பார்த்தாள். அன்வருதீனின் தம்பி உஸைர் கடையைத் திறந்துபோட்டுவிட்டுக் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போன நாள் அது. மழையில் நாற்பது மூட்டை சிமெண்ட் நனைந்துபோயிற்று. அன்வருதீன் வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தார். அன்று மாலையே உஸைர் வந்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கறிசோறு சாப்பிட்டான். இன்றைக்கும் வாரத்தில் இரண்டு நாள் வந்து சாப்பிடுகிறான்.

பின்பக்கத்துச் சீட்டைத் துடைத்துவிட்டு அரீபா படித்தாள்: 1306. கம்பெனிக்குப் போன் செய்தார்கள். வியாழக்கிழமை ஆள் வரும் என்றார்கள். ஹாஜிரா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போய், கலியபெருமாள் வாசலில் இருக்க, அடுப்படியில் சுலோசனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வாயு சுற்றுவது, கம்பி வலை, செங்கல் என்று ஒன்றையும் விடவில்லை. சுலோசனா அரிசி களைவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள். நம்பமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. பதினோரு வருடம் அந்தச் சுவரோரம் படுத்தவருக்குப் பக்கத்தில் படுத்தவள் அவள்.

“அப்ப உங்க வூட்டுக்காரர் பிரஷருக்கு எங்க வூட்டுக்காரர் மாத்திர முழுங்கினு இருக்காரு” என்றாள்.

“மன்னிச்சுக்கக்கா.”

சுலோசனா கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். “வாசப்படிய மிதிக்காதன்னு எம்பொண்ணச் சொன்னாரே, ஹாஜிரா. அதுவும் உங்களுதா?”

“எங்க கொழுந்தனச் சொன்னதுக்கா.”

“உன் கொழுந்தன் நேத்துகூட வந்தான். நான் பாத்தேன்.”

சுலோசனா செல்போனில் மகளுடைய எண்ணை எடுத்து ஹாஜிராவின் கையில் கொடுத்தாள். “நீயே சொல்லு. நான் சொன்னா அப்பாவுக்குப் பரிஞ்சு பேசுறன்னுவா.”

ஹாஜிரா சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு ஹேமலதா சொன்னாள். “அப்பா அன்னிக்கு அதுக்கு முன்னாடி இன்னொன்னு சொன்னாருங்க. நாப்பது மூட்டையும் கல்லாப் போச்சு, உன்ன நம்பி வுட்டேனேன்னாரு. நான் என்னா பண்ணேன், எந்த மூட்ட, ஒண்ணும் புரியல. அஞ்சு வருஷமா அதத்தான் யோசிச்சினு இருக்கேன்.”

“சிமெண்டும்மா” என்றாள் ஹாஜிரா. “அது எங்க கடை சிமெண்டு.”

அன்று நோன்பு திறந்த பிறகு அன்வருதீனுக்கும் சொல்லப்பட்டது. அவர் பழக்க தோஷத்தில் எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தார். அது காலியாக, இருட்டாக இருந்தது. சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கலியபெருமாளின் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தார். இருவரும் அரை மணி நேரம் தண்ணீர்த் தொட்டி வால்வுகளைப் பற்றிப் பேசினார்கள். எழுந்திருக்கும்போது அன்வருதீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து கலியபெருமாளின் இரண்டு மாத்திரைகளில் ஒன்றை அன்வருதீன் விழுங்க ஆரம்பித்தார். கம்பெனி ஆள் வரும்வரை அந்த நாலு நாளும் வீட்டில் கோபம் வந்தது. ஒரு டம்ளர் பறந்தது, ஆனால் பிளாஸ்டிக் டம்ளராகப் பார்த்து எடுத்திருந்தார்.

வியாழக்கிழமை மெக்கானிக் அருள்முருகன் வந்தான். பழைய ரிலேவைக் கழற்றி, கருகிய முனையைக் காட்டி, புதியதை மாட்டி, பச்சைச் சீட்டு ஒட்ட இருபது நிமிடம் ஆயிற்று. பெட்டியைத் திரும்ப எடுக்கத் தேவையில்லை என்றான். ஹாஜிரா மற்ற விஷயத்தையும் கேட்டாள். அவன் அறிவிப்பை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தான்.

“கோவம் இழுக்கிறது இதுல வரலைங்க. தவளக்குப்பத்துல ஒரு வூட்ல தூக்கத்த இழுக்குது, அதுக்கும் கம்பெனில பதில் இல்ல.” பிறகு மாடத்தை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். “ஆனா இது உங்க தப்புங்க. பின்னாடி அரையடி எடம் வுடணும், காத்தாட வைக்கணும்னு புக்லயே போட்டிருக்கான். அத யாரு படிக்கிறா? சாமி படத்துக்குப் பின்னாடி சொருகிட வேண்டியது.”

“எங்க வீட்ல சாமி படம் இல்லைங்க. புக்கு பீரோ மேல இருக்கு” என்றாள் ஹாஜிரா.

காற்றாட இருந்த இடம் தெருவைப் பார்த்த ஜன்னல்தான். அங்கே, அரையடி தள்ளி, ஃபிரிட்ஜ் நிறுத்தப்பட்டது. மதியத்தில் கடல்காற்று தெருவோடு அடித்துக்கொண்டு போகும். ஒரு சுவருக்குள் அடைந்து கிடந்தால் ஒரு மனிதனைச் சுடுகிற சூடு, திறந்த வெளியில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்துவிடும் என்பது அருள்முருகனின் கருத்து. அது சரியாகவே இருந்தது. செங்கல் ஆறி முடிக்கப் பதினெட்டு நாள் பிடித்தது. கடைசியாகக் கலியபெருமாள், கணக்கு டீச்சர் ஒருவரைப் பற்றி மெல்லிய குரலில் ஏதோ குறைப்பட்டுக்கொண்டார். அதோடு நின்றது.

பெருநாள் முடிந்த இரண்டாவது ஞாயிறு மதியம் ஹேமலதா காலாப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்தாள். கையில் மைசூர்பாகுப் பொட்டலம். வாசற்படிக்கு வெளியே நின்றாள். கலியபெருமாள் உள்ளே நின்றார். வாயைத் திறக்க அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆகவே ஒன்றும் பேசாமல் படியிறங்கித் தெருவுக்கே வந்துவிட்டார். இருவரும் நாலடி நடந்து, ஹாஜிராவின் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றார்கள்.

“வாழக்கா வறுவல்ல காரமே இல்ல!” என்று கலியபெருமாள் மகளைப் பார்த்து அதட்டினார். “நாக்கு செத்துப் போயா கெடக்கு எனக்கு?”

அவர் முகம் வெளுத்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஹேமலதா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“ஹாஜிராம்மா, இது உங்க வூட்டு வாழக்காயா?”

“ஆமாம்மா” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. “இப்பத்தான் சொன்னாரு.”

“சரிங்க” என்றாள் ஹேமலதா. தந்தையின் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அந்தக் கையில் மைசூர்பாகைக் கொடுத்தாள். ஜன்னலைவிட்டு இரண்டடி தள்ளி அவரை அழைத்துக்கொண்டு போய், வாசற்படியை மிதித்து உள்ளே போனாள்.

அந்த ஜன்னலைக் கடக்கும்போது மட்டும் ஸ்கூட்டர்காரர்கள் தெரு காலியாக இருந்தாலும் ஒரு ஹாரன் அடிக்கிறார்கள். முத்தியால்பேட்டையில் அது யார் கவனத்துக்கும் வரவில்லை.