கிழக்கு மேற்காகப் போட்ட களம்

பூப்பந்துக் களத்தைத் தெற்கு வடக்காகத்தான் போட வேண்டும். சாயங்காலம் ஆடுகிற ஆட்டம் அது. கிழக்கு மேற்காகப் போட்டால் ஒரு பக்கத்து ஐந்து பேருக்கும் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். நகரிப் பக்கம் மட்டை பிடித்த எவனைக் கேட்டாலும் சொல்வான். எங்கள் ஊர்க் களத்தைப் போட்ட ஓவர்சியர் ஜெயச்சந்திரனுக்கு மட்டும் தெரியவில்லை. தெரியவில்லையா என்ன, தெரிந்தேதான் செய்தார்! திறப்பு விழாவுக்கு வருகிற பெரிய மனிதர் காரை விட்டு இறங்கியதும் மேடை ஏற வேண்டுமாம், அதனால் மேடை ரோட்டோரம். மேடையிலிருந்து முழு நீளமும் தெரிய வேண்டுமாம், அதனால் களத்தையே திருப்பிவிட்டார். பெரிய மனிதர் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மாலையோடு போய்விட்டார். தினமும் வெயிலைப் பார்த்துக்கொண்டு ஆடுகிறவர்கள் நாங்கள்.

அந்த மாசி மாதம் புத்தூர்க்காரர்களோடு ஆட்டம். முன்னால் நின்றவன் முனியப்பன். என் அடுத்த தறிக்காரன், பத்து வயதிலிருந்து கூட்டாளி. அவனுக்குப் பின்னால், நடுவில் நான். மூன்றாவது ஆட்டம், இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயம். பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் இறங்கியது. அவன் பந்தை அண்ணாந்து பார்த்துத் திரும்பி ஓரடி பின்னால் வந்தான், நான் வீசினேன். மட்டையின் விளிம்பு அவன் இடது கண்ணில் பட்டது.

அவன் கீழே விழுந்ததும் எல்லோரும் ஓடிவந்தார்கள். "வெயிலுடா! வெயிலு கண்ணை மறைச்சிட்ச்சு!" என்று முதலில் கத்தியது நான்தான். பிறகு ஊரே அதைச் சொன்னது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் வைத்திருந்து, கண்ணை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். தறியில் இழை அறுந்தால் கழுத்தை முழுதாகத் திருப்பித் தேடுகிறான் என்று அவன் பெண்சாதி ருக்மணி என் வீட்டில் வந்து அழுதாள். அதற்குப் பிறகு நான் அவன் வீட்டுப் பக்கமே போகவில்லை. சித்தூர் என்ஜினீயர் ஆபீசுக்கு மனு எழுதினேன். களம் தப்பாகப் போட்ட களம், அதனால்தான் ஒருவன் கண் போனது என்று எழுதி அனுப்பினேன்.

ஓவர்சியர் சும்மா இருப்பாரா? "மட்டை வீசத் தெரியாதவன் வீசினான், அதுக்குக் களம் என்ன பண்ணும்?" என்று கடைத்தெருவில் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. களத்தின் மேல் தப்பில்லை என்றால் தப்பு யார் மேல்? என் மேல்தானே! அதை ஒரு கவர்ன்மெண்டுக் காகிதம் இல்லை என்று சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

அதுவோ எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம். திருத்தணி மெட்ராஸுக்குப் போகிறது, நகரி ஆந்திராவிலேயே நிற்கிறது என்று எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. நான் தமிழில் எழுதிய முதல் மனுவைக் காட்டி, "இவங்க எல்லைக் கிளர்ச்சி ஆளுங்க, பந்தை சாக்கா வெச்சிக்கினு வர்றாங்க" என்று ஓவர்சியர் ஆபீசில் சொல்லிவிட்டாராம். அட பாவி மனுஷா! சூரியனுக்கு ஆந்திரா ஏது, மெட்ராஸ் ஏது? அடுத்ததைத் தெலுங்கில் எழுதினேன். மூன்றாவதுக்குத்தான் பதில் வந்தது. ஆடி மாதம் சித்தூரில் விசாரணை.

முனியப்பனும் வந்தான். பஸ்ஸில் நான் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

என்ஜினீயர் வயதானவர், நிதானமானவர். பிளானை மேஜைமேல் விரித்தார். வடக்கைக் காட்டும் அம்புக்குறி அதில் இருந்தது. களம் தெற்கு வடக்காகத்தான் வரைந்திருந்தது. "இதை யார் மாத்தச் சொன்னது?" என்று தெலுங்கில் கேட்டார். ஓவர்சியர் மேடையைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். எனக்கு உள்ளே குதியாட்டம்.

ஆனால் என்ஜினீயர் லேசுப்பட்டவர் இல்லை. முனியப்பன் பக்கம் திரும்பினார். "களம் தப்புன்னே வெச்சிப்போம். அடிபட்டப்போ நீங்க ரெண்டு பேரும் எந்தப் பக்கம் பார்த்து நின்னீங்க? அதைச் சொல்லு."

முனியப்பன் என்னைப் பார்க்கவில்லை.

"மேக்கால பார்த்துக்கினு இருந்தோம் சார். சூரியன் நேரா கண்ல."

என்ஜினீயர் எழுதிக்கொண்டார். களத்தைப் பெயர்த்துத் திருப்பிப் போட வேண்டும், நேர்ந்த விபத்துக்கு ஓவர்சியரே பொறுப்பு என்று படித்துக் காட்டினார். ஓவர்சியரின் முகம் வெளுத்துவிட்டது. ஐந்து மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை அப்படியே வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு பெஞ்சியில் உட்கார்ந்தோம். நான் இரண்டு டீ வாங்கிவந்தேன். முனியப்பன் ஒரு வாய் குடித்தான்.

"கோவர்த்தனா, மூணாவது ஆட்டம் பாதியில பக்கம் மாத்திக்கினோமே. அப்போ கிழக்கால பார்த்துக்கினு இருந்தோம். வெயிலு நம்ம முதுவுல அடிச்சிக்கினு இருந்துச்சு."

எனக்குத் தெரியாதா? அன்றைக்கு என் நிழல் எனக்கு முன்னால், அவன் முதுகின்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் அதைத்தானே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"அப்புறம் ஏன்டா அப்பிடிச் சொன்ன?"

"இன்னா பண்ணச் சொல்ற? அஞ்சு மாசமா நீ எங்க வூட்டாண்ட வரல. தெருவுல பார்த்தா சந்துல பூந்து போற. கண்ணு பூட்ச்சு, சரி. நீயும் போவணுமா? என்ஜினீயரு வெயிலுதான்னு எழுதிக்கினா வருவியோன்னு பார்த்தேன்."

"அது உன் பந்துடா!" என்றேன். "உனக்குன்னு வந்த பந்து. ஜெயிக்கிற பந்தை நான் அடிக்கணும்னு உள்ளே பூந்தேன். நான்தான்டா."

"தெரியும்டா."

"அந்த ஓவர்சியர் வேலை போவும். நாம ரெண்டு பேருமா சேர்ந்து..."

"களத்தை அந்த ஆளுதானே திருப்பிப் போட்டான்? அது அவன் தப்பு. கண்ணு எப்பிடிப் பூட்ச்சுன்னு ஆபீசுக்குத் திரும்பிப் போய் நீ சொல்லு. நீ சொன்னா நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

ஆபீஸ் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் கையில் டீயோடு அழுதுகொண்டிருந்தேன். அவன் கழுத்தை முழுதாகத் திருப்பி என்னைத் தேடினான்.

"இந்தாண்ட வந்து குந்துடா. அந்தாண்ட இருந்தா உன் மூஞ்சி தெரியல."

நான் எழுந்து அவனுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.