டீச்சருக்குச் சாவி

எனக்குக் கோபம் வந்தால் ஸ்பானர் பறக்கும். பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு மட்டும் அதை என் மண்டையிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

வக்கீல் சுப்பராமன் சாரிடம் அறுபத்திரண்டாம் வருஷத்து பியட் ஒன்று இருந்தது. அவர் மனைவி ஜயலக்ஷ்மி கணக்கு டீச்சர். லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷமாகியும் மனுஷர் அந்தம்மாவுக்குச் சாவியைக் கண்ணில் காட்டவில்லை. "ஸ்டியரிங் கனம்டீ, உன் கைக்கு வளையாது" என்பாராம். டீச்சர் சீட்டுப் பணத்தை எடுத்து, என்னிடம் புது மாடல் ஸ்டியரிங் போடச் சொல்லிவிட்டார். மாட்டிக் கொடுத்தேன். சுண்டுவிரலால் திருப்பலாம். சாருக்கு முகம் தொங்கிப்போனது.

"கனம் போச்சு, சரி. நேரா போறதா? கையை விட்டா ரோட்டு முனை வரைக்கும் கோணாம போகட்டும், சாவியை அவகிட்டயே கொடுத்துடறேன்" என்று என் பட்டறை வாசலில், நாலு பேர் கேட்கச் சொன்னார்.

"நாளைக்குச் சாயந்திரம் வாங்க சார். போகலைன்னா பட்டறையைப் பூட்டிட்டு ஏரலுக்கு வாழைத்தார் சுமக்கப் போறேன்" என்றேன். வாய் எனக்கு எப்போதும் ஒரு முழம் நீளம்.

முன்சக்கரம் இரண்டும் முன்பக்கம் லேசாக உள்ளே பார்த்தபடி நிற்க வேண்டும். அப்போதுதான் வண்டி அலையாது. அதற்குச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளைத் திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். டேப் பிடித்து அளப்பதெல்லாம் பழகாதவன் வேலை. இருபது வருஷமாக என் கண்தான் டேப்.

மறுநாள் கம்பியை அரைச்சுற்று நீட்டினேன். ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் வண்டி அலைந்தது. இன்னொரு அரைச்சுற்று. சைக்கிளில் வந்தவர் பயந்துபோய்ச் சாக்கடையில் இறங்கினார்.

"என்ன பாய், காரு கரகாட்டம் ஆடுது?" என்றான் பக்கத்து வெல்டிங் கடை அம்மையப்பன்.

"உன் சோலியைப் பாருலே!"

சாருக்கு முன்னால் டீச்சர் வந்துவிட்டார். என் மூஞ்சியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினார். முன்பக்கத்து இடைவெளி குறைவாக இருக்க வேண்டும் என்றேன். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே முன்னும் பின்னும் அளந்தோம்.

"முன்பக்கம் குறையணும்னேளே பாய்? பின்பக்கத்தைவிட அரை இஞ்ச் கூட இருக்கே."

"டீச்சர், கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க. எனக்கு வேண்டாம்" என்று எரிந்து விழுந்தேன். டேப்பைப் பிடுங்கி மறுபடி அளந்தேன். அரை இஞ்ச்தான்.

யா அல்லா! பழைய ஸ்டியரிங்கில் கம்பி அச்சுக்குப் பின்னால் இருந்தது. நீட்டினால் சக்கரத்தின் பின்பக்கம் விரிந்து முன்பக்கம் உள்ளே வரும். புதிதில் கம்பி முன்னால். மாட்டியவனே நான்தான்! ஆனாலும் கை பழைய வழக்கப்படியே திருகியிருக்கிறது. நீட்ட நீட்ட முன்பக்கம் விரிந்துகொண்டே போயிருக்கிறது. வெட்கத்தில் வண்டிக்கு அடியிலேயே கிடந்துவிடலாமா என்றிருந்தது.

"பைய திருகுங்கோ. எந்தப் பக்கம்னு யோசிச்சுண்டு" என்றார் டீச்சர். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

கம்பியைக் குறைத்து முடிக்கவும் சார் வந்தார். எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார், கையை விட்டார். ஒரு நூல் விலகவில்லை. காற்று என்றார், ரோடு சரிவு என்றார், வக்கீல் அல்லவா? திரும்பி வரும்போதும் கையை விட்டுப் பார்த்தார். அப்போதும் நேரே.

பட்டறை வாசலில் இறங்கி, மனசே இல்லாமல் சாவியைக் கொடுத்தார். "உம்ம கண்ணு இருக்கே பாய், அதுக்கு டேப்பே வேண்டாம் ஓய்!" என்று என்னைப் புகழ்ந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

டீச்சர் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். சார் சுற்றிவந்து மறுபக்கம் ஏறுவதற்குள், கதவைச் சாத்தப் போன என்னிடம் மெல்ல, "டேப் விஷயத்தை நான் சொல்ல மாட்டேன். நீங்களும் என் ஓட்டத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லப்படாது" என்றார்.

வண்டி இரண்டு தரம் உதறி அணைந்தது. மூன்றாவது தரம் எகிறிக் குதித்துக்கொண்டே கிளம்பியது. சார் ஜன்னலில் தலையை நீட்டி அலறினார்.

"பாய்! வண்டி குதிக்கறதே!"

"என் வேலையிலதான் சார் குறை!" என்று பேட்டைக்கே கேட்கும்படி கத்தினேன். "நாளைக்கு டீச்சரையே ஓட்டிட்டு வரச் சொல்லுங்க!"